பழங்களுடன் சுடும் இனிப்பு ஹாம்: எந்தப் பிழைக்கு எது காரணம்

சர்க்கரையும் பழச்சாறும் காய்ச்சிய பூச்சைத் தடவி, அன்னாசி வட்டங்களும் செர்ரியும் பதித்து ஓவனில் சுடும் ஹாம், மேசைக்கு வரும்போது பெரிய வேலைப்பாடு போலத் தெரியும். உண்மையில், பன்றியின் பின்தொடையான அந்த இறைச்சி பெரும்பாலும் உப்புநீரில் ஊறி, புகையூட்டப்பட்டு, வெந்து முடிந்த நிலையில்தான் வீட்டுக்கு வருகிறது. அதை உள்வரை சூடாக்குவதும் மேலே பளபளக்கும் இனிப்புப் பூச்சு ஒன்றை ஏற்றுவதும் மட்டுமே நம் பங்கு. இவ்வளவு எளிய வேலை வீட்டார் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்கும் நாளில் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்த்தால், பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே வேர் தென்படும். தொடைக்கறி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். சர்க்கரையோ ஓவனில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளிவிட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுக்க நினைப்பவருக்கு ஒன்று கருகும், இல்லையேல் மற்றது காயும்.

கீழே ஒவ்வொரு பிழையையும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின் பெயராலேயே தலைப்பிட்டிருக்கிறேன். விருந்து நடந்துகொண்டிருக்கும்போது படிப்பவர் உடனே என்ன செய்யலாம் என்பதையும், அடுத்த முறை எங்கே திருத்த வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

எதற்கும் முன்னால்: உறையில் என்ன எழுதியிருக்கிறது?

முழுவதும் வேகவைத்த ஹாம், சமைத்த பின்பே உண்ண வேண்டிய ஹாம், தண்ணீரே சேர்க்காமல் உப்பில் புரட்டி மாதக்கணக்கில் உலர்த்திய ஹாம் என மூன்று வகைகள் வெவ்வேறு கவனிப்பைக் கேட்கின்றன. தொழிற்சாலையில் வேகவைத்து உறையிட்டதை உறை பிரித்து அப்படியே சூடாக்குவதாயின், நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டுதல். அதே ஹாம் கடையில் பிரித்து மறுபடி கட்டப்பட்டதாகவோ, முன்பு வீட்டில் வெட்டி எஞ்சியதாகவோ இருந்தால் 74 டிகிரி வரை போக வேண்டும். வேகவைக்காத வகைக்கு 63 டிகிரியும், அதை எட்டிய பின் குறைந்தது 3 நிமிட ஓய்வும் தேவை. உறையைக் குப்பையில் போட்டுவிட்டு எந்த வகை என்று மறந்தவர்கள், வேகாத வகை என்றே வைத்துக்கொண்டு சமைப்பது பாதுகாப்பானது.

இந்த எண்களைக் கண்ணால் பார்த்தோ விரலால் அழுத்தியோ அறிய முடியாது. இறைச்சியில் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று இல்லாமல் இந்தப் பக்கத்தில் பாதி பயன்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மேலே கருகிவிட்டது, உள்ளே இன்னும் சில்லென்று இருக்கிறது

என் முதல் ஹாம் இப்படித்தான் ஆயிற்று. நான்கு கிலோ எடையுள்ள, எலும்போடு கூடிய பாதித் தொடை அது. பூச்சு நன்றாக ஊறட்டும் என்று எண்ணி, ஓவனில் வைக்கும் முன்பே சர்க்கரையும் தேனும் கலந்த குழம்பை அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, 200 டிகிரியில் வைத்துவிட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் ஓவன் கதவின் ஓரத்திலிருந்து நீலப்புகை கசிந்தது. திறந்து பார்த்தால் தட்டில் வழிந்த சர்க்கரை தார் போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மேற்புறம் கரிக்கட்டை ஆகியிருந்தது. எலும்பு வரை கத்தியைச் செருகி ஐந்து எண்ணிவிட்டு வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். கத்தியின் முனை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது.

காரணம் எளிது. பூச்சில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நீர் வற்றிய அந்த நிமிடத்திலிருந்து அது ஓவனின் சூட்டை நோக்கி மடமடவென ஏறும். சாதாரணச் சர்க்கரை சுமார் 160 டிகிரியில் பழுப்பாகத் தொடங்குகிறது. தேனிலும் பழச்சாற்றிலும் நிறைந்திருக்கும் ஃப்ரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். அதனால் தேன் சேர்த்த பூச்சு எப்போதும் முந்திக்கொண்டு கருகும். இந்த நேரத்தில் நான்கு கிலோ இறைச்சியின் நடுப்பகுதிக்கு வெளிச்சூடு எட்டியே இருக்காது.

உடனே செய்ய வேண்டியது: ஹாமை வெளியே எடுத்து, கருகிய படலத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட வேண்டும். அதன் அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் தப்பியிருக்கும். கருகிய தட்டையும் மாற்ற வேண்டும். அதிலேயே தண்ணீர் ஊற்றித் தொடர்ந்தால் அந்தக் கசப்பு ஆவியோடு ஏறி இறைச்சியிலும் படியும். புதிய தட்டில் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஹாமை அலுமினியத் தாளால் இறுக மூடி, ஓவனை 160 முதல் 165 டிகிரிக்கு இறக்கி, நடுப்பகுதி 50 டிகிரியை எட்டும் வரை விட்டுவிடலாம். பூச்சைத் திரும்பக் காய்ச்சிக் கடைசியில் பூசிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

அடுத்த முறைக்கான ஒழுங்கும் இதுவே. எலும்போடு கூடிய பாதித் தொடை 165 டிகிரி ஓவனில், கிலோவுக்கு 40 முதல் 50 நிமிடம் எடுத்துக்கொள்ளும். முழுத் தொடைக்குக் கிலோவுக்கு 33 முதல் 40 நிமிடம் போதும். இவை முழுவதும் வெந்த ஹாமுக்கான கணக்கு. விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் சூட்டை 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். தெர்மாமீட்டரை மிகப் பருத்த இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்த வேண்டும். முள் எலும்பில் முட்டினால் அது காட்டுவது எலும்பின் சூடுதான். கறியின் நடுப்பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. நடுப்பகுதி 50 டிகிரி காட்டும்போது தாளை அகற்றி, பூச்சைப் பூசி, ஓவனை 190 முதல் 200 டிகிரிக்கு உயர்த்தினால், அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பூச்சும் கறியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிவுக்கு வரும். 63 அல்லது 74 டிகிரி தேவைப்படும் ஹாமாக இருந்தால், அந்த எண்ணுக்குப் பத்து டிகிரி முன்பாகப் பூச்சு வேலையைத் தொடங்கலாம்.

பூச்சு நிற்காமல் தட்டில் வழிந்துவிட்டது

அதிகம் பேருக்கு நேர்வது இதுதான். பூச்சு நிற்காததற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவை தனித்தனியாக வருவதும் உண்டு, சேர்ந்து வருவதும் உண்டு.

முதலாவது, மேற்பரப்பின் ஈரம். தாளால் மூடிச் சுட்ட ஹாமின் மேல் நீரும் உருகிய கொழுப்பும் படலமாக நிற்கும். அதன் மேல் பூசும் எதுவும் எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஊற்றியது போல வழுக்கி ஓடிவிடும். பூசுவதற்கு முன் சமையலறைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடாமல் பத்து நிமிடம் ஓவனில் காயவிட்டால் பரப்பு சற்றுச் சொரசொரப்பாகும்.

இரண்டாவது, தோல். சில ஹாம்கள் தடித்த தோலோடு வரும். தோலின் மேல் பூச்சு ஒட்டாது; அதற்குள் இறங்கவும் செய்யாது. பாதி சூடான நிலையில் தோலின் ஒரு முனையைக் கத்தியால் கிளப்பி, விரல்களை உள்ளே விட்டு இழுத்தால் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அதன் அடியில் இருக்கும் வெள்ளைக் கொழுப்பில் அரை சென்டிமீட்டர் கனத்தை விட்டுவைத்து, மீதத்தைச் சீவிவிடலாம். அந்தக் கொழுப்பின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறுவது அழகுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். கோடுகள் இல்லாத ஹாமையும் இருக்கும் ஹாமையும் அடுத்தடுத்துச் சுட்ட பிறகுதான், பூச்சு தேங்கி நிற்கும் வாய்க்கால்கள் அவை என்பது விளங்கிற்று. கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும். கறிக்குள் ஆழமாக இறங்கினால் அந்த வழியாகச் சாறு வெளியேறும், சூட்டில் கட்டங்கள் பிளந்து விரியும்.

மூன்றாவது, பூச்சின் பதம். சர்க்கரையையும் சாற்றையும் கலந்து அப்படியே ஊற்றினால் அது வெறும் இனிப்புத் தண்ணீர்தான். நான்கு கிலோ ஹாமுக்கு 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 60 மில்லி அன்னாசி அல்லது ஆரஞ்சுச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி அரைத்த கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி வினிகர் என்பது நான் நிலையாக வைத்திருக்கும் அளவு. இதைச் சிறு தீயில் காய்ச்சி, பாகு காய்ச்சிப் பழகியவர்கள் பிசுக்குப் பதம் என்று சொல்லும் நிலையில் இறக்க வேண்டும். ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறியபின் இரு விரல்களுக்கிடையே தொட்டால் ஒட்ட வேண்டும். ஆனால் கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் வந்துவிட்டால் அது ஓவனில் மிட்டாயாக இறுகும். கடுகு விழுது இங்கே சுவைக்காக மட்டும் வரவில்லை. கொழுப்பும் நீரும் பிரியாமல் அணைத்து வைப்பதால் பூச்சு பிடித்து நிற்கவும் அது உதவுகிறது. கடுகு பிடிக்காதவர்கள் அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைச் சாற்றில் கரைத்துச் சேர்க்கலாம். நிற்கும், ஆனால் பளபளப்பு சற்று மங்கும்.

ஏற்கனவே வழிந்துவிட்டதை அப்படியே அள்ளி அள்ளி மேலே ஊற்றுவது வழக்கமான பதற்றம். தட்டில் இருப்பது ஹாம் விட்ட உப்புநீரும் கொழுப்பும் கலந்த திரவம். ஊற்ற ஊற்ற மேற்புறம் உப்புக் கரிக்கும், ஏற்கனவே ஒட்டியிருந்த பூச்சையும் அது கழுவிக்கொண்டு போகும். புதிதாக அரைப்பங்கு காய்ச்சி, மெல்லிய படலமாக மூன்று முறை, ஏழெட்டு நிமிட இடைவெளியில் பிரஷ்ஷால் பூசுவதே சரி. ஒரே முறை கனமாகப் பூசியதைவிட மூன்று மெல்லிய படலங்கள் அதிகமாகப் பளபளக்கும்.

நிறமே ஏறவில்லை, வெளிறிக் கிடக்கிறது

தாளை எடுக்க மறந்திருக்கலாம், தட்டில் தண்ணீர் அதிகமாகி ஓவன் முழுக்க ஆவியாக இருக்கலாம், அல்லது 160 டிகிரியிலேயே பூச்சு நேரத்தையும் ஓட்டியிருக்கலாம். தட்டின் நீரை வடித்துவிட்டு, ஓவனின் மேல்கம்பியை மட்டும் எரியவிட்டு, கதவருகிலேயே நின்று இரண்டு மூன்று நிமிடம் பார்த்தால் நிறம் ஏறிவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்கக் கூடாது.

பூச்சு கல் போல இறுகிவிட்டது, அல்லது மணல்மணலாக நெறுநெறுக்கிறது

கல்லாக இறுகியது பதம் தாண்டிய பாகு. இரண்டு மேசைக்கரண்டி சூடான பழச்சாற்றை அதன் மேல் தடவி, தாளால் தளர்வாக மூடிப் பத்து நிமிடம் வைத்தால் இளகும். நெறுநெறுப்பு வேறு கதை: வெள்ளைச் சர்க்கரையை மட்டும் போட்டுக் காய்ச்சியதில் அது மீண்டும் படிகமாகியிருக்கிறது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் காய்ச்சினால், அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைத்துப் படிகம் கட்டாமல் தடுக்கும். என் அளவில் வினிகர் இருப்பதற்கு இனிப்பைச் சமன் செய்வது ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணம்.

கறி வறண்டு நார்நாராக இருக்கிறது

வெந்த இறைச்சியை மறுபடி வேகவைத்ததன் விளைவு இது. 60 டிகிரியில் நிறுத்தியிருக்க வேண்டியதை 75, 80 வரை விட்டால், தசைநார்கள் சுருங்கித் தங்களிடமிருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பிழிந்த நீரைத் திரும்ப உள்ளே செலுத்த வழியில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் மீட்பு வேலையைத் தொடங்க வேண்டும். மெல்லிய துண்டுகளாக வெட்டி, சூடான பழச்சாறும் சிறிது வெண்ணெயும் கலந்த கலவையில் ஐந்து நிமிடம் நனையவிட்டுப் பரிமாறினால் வாயில் வறட்சி தெரியாது. தடித்த துண்டு வேண்டும் என்று கேட்பவருக்கு அன்று கொடுக்க முடியாது.

இயந்திரத்தில் எலும்பைச் சுற்றி முன்பே துண்டுதுண்டாகச் சீவி விற்கும் ஹாம்தான் இந்தப் பிழைக்கு மிக எளிதில் இரையாகிறது. வெட்டுவதற்கு வசதி என்று எல்லோரும் அதை விரும்புகிறார்கள். எனக்கோ அது ஒரு தொல்லை. நூறு துண்டுகளுக்கிடையே நூறு இடுக்குகள் இருப்பதால் ஒவ்வொன்றின் வழியாகவும் சாறு வெளியேறும். வாங்கிவிட்டீர்கள் என்றால், வெட்டுமுகம் தட்டில் படும்படி கவிழ்த்து வைத்து, தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, இரட்டை அலுமினியத் தாளால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். கிலோவுக்கு 22 முதல் 40 நிமிடம் என்ற கணக்கில் அது விரைவாகவே சூடாகிவிடும் என்பதால், குறைந்த அளவுக்கான நேரம் முடிந்ததும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கத் தொடங்க வேண்டும். பூச்சை வெளிப்புறத்தில் மட்டும் பூசி, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் பெரிய இறைச்சித் துண்டின் உட்சூடு மூன்று முதல் ஐந்து டிகிரி வரை தானே ஏறும். ஆகவே 57, 58 காட்டும்போதே வெளியே எடுத்துத் தாளால் தளர்வாக மூடி, 60ஐத் தொட்டதைத் தெர்மாமீட்டரில் உறுதிப்படுத்திக்கொள்வது கறிக்கு நல்லது.

உப்புக் கரிக்கிறது

சுடுவதற்கு முன்பே ஓர் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி வாணலியில் வாட்டிச் சுவைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதவர்களுக்கே இந்தப் பிழை மேசையில் தெரியவருகிறது. உலர் உப்பில் பதப்படுத்திய ஹாமை, குளிர்சாதனப் பெட்டியிலேயே, தண்ணீரை ஓரிரு முறை மாற்றி ஓர் இரவாவது ஊறவைக்காமல் சுடவே கூடாது. உப்புநீரில் பதப்படுத்தியது அதிகம் கரித்தால், பெரிய பாத்திரத்தில் தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதி வந்ததும் அந்த நீரைக் கொட்டிவிட்டு ஓவனுக்கு மாற்றலாம்.

சுட்டு முடித்த பின் தெரியவந்தால், மேற்பூச்சில் இனிப்பைக் கூட்டுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. உப்பின் மேல் இனிப்பு ஏறினால் இரண்டும் சேர்ந்து திகட்டும். புளிப்பே இங்கு உதவும்: சர்க்கரை சேர்க்காமல் வேகவைத்த புளிப்பு ஆப்பிள் மசியலோ, ஆரஞ்சுச் சுளைகளோ பக்கத்தில் வைத்து, கறியை மெல்லிய சீவலாக வெட்டிக் கொடுத்தால் சமாளிக்கலாம். தட்டில் தேங்கிய சாற்றைக் குழம்பாக்கிப் பரிமாறும் எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

அன்னாசி வைத்த இடத்தில் கறி குழைந்து பசையாகிவிட்டது

நேரம் மிச்சப்படுத்துவதாக நினைத்து, ஒருமுறை முந்தின இரவே புதிய அன்னாசியை வட்டமாக வெட்டி ஹாம் முழுக்கப் பதித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் ஒரு வட்டத்தைத் தூக்கியபோது அதன் அடியில் கறி வெளிர் சாம்பல் நிறத்தில், ஈரமாக, விரலால் வழித்தால் வந்துவிடும் கூழாக இருந்தது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் வளையம் என அன்னாசியின் வடிவம் கறியில் அச்சாகவே பதிந்திருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று முகர்ந்து பார்த்தேன். அன்னாசி மணமும் புகை மணமும் தவிர வேறொன்றும் இல்லை.

புதிய அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி இருக்கிறது. புரதத்தை உடைப்பதே அதன் வேலை. அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு எரிவதிலும் அதற்குப் பங்குண்டு. ஓர் இரவு முழுக்க அதைக் கறியோடு ஒட்டவைத்தால் மேற்பரப்பு கரையத்தான் செய்யும். சூடு இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், டப்பாவில் அடைக்கும்போதே சூடேற்றப்பட்ட அன்னாசியால் இந்தத் தொல்லை வராது. புதிய பழமே வேண்டும் என்றால், வட்டங்களைப் பூச்சுக் குழம்பிலேயே போட்டு நன்கு கொதி வரும்படி சில நிமிடம் வேகவைத்து, கடைசி அரை மணி நேரத்தில் பதிக்கலாம். பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. அவற்றையும் பச்சையாகக் கறியோடு ஊறவிடக் கூடாது.

குழைந்துபோன ஹாமைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குளிரிலேயே இருந்ததாயின் அது உண்ணத் தகுந்ததுதான். குழைந்த படலத்தைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுப் பூச்சு பூசிச் சுட்டால், வெட்டிய துண்டில் அடையாளம் இருக்காது.

பழங்கள் நழுவி விழுகின்றன, கருகுகின்றன, சாயம் விடுகின்றன

நழுவுவதற்குக் காரணம் பழத்தின் ஈரம். டப்பா அன்னாசியை வடிகட்டி, காகிதத்தின் மேல் பரப்பி, இரு பக்கமும் ஒற்றி எடுத்த பிறகு பதிக்க வேண்டும். மரத்தாலான பல்குத்தும் குச்சியைச் சாய்வாகக் குத்தினால் வட்டம் நிற்கும். பிளாஸ்டிக் குச்சி ஓவனில் உருகிவிடும். எத்தனை குச்சி குத்தினீர்கள் என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் அத்தனையையும் உருவ வேண்டும். குழந்தைகள் சாப்பிடும் மேசையில் இருபத்து மூன்றுக்கு இருபத்து இரண்டு மட்டும் கிடைத்தால், இருபத்து மூன்றாவது கிடைக்கும் வரை யாருக்கும் பரிமாறக் கூடாது.

சர்க்கரைப் பாகில் ஊறிய புட்டிச் செர்ரி, சூட்டில் சிவப்புச் சாயத்தை வழியவிட்டு, கொழுப்பின் மேல் காயம் பட்டது போலத் தடம் போடும். அதைக் கடைசிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் மட்டும் வட்டத்தின் நடுவில் வைப்பது போதும். ஆரஞ்சைத் தோலோடு வட்டமாக வெட்டி வைப்பவர்கள், தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியே கசப்பின் இருப்பிடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். வட்டங்களைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் அந்தக் கசப்பு வெகுவாகக் குறையும். உலர்ந்த ஆப்ரிகாட், உலர்திராட்சை போன்றவற்றை மேலே பதித்தால் கரிந்து உருண்டையாகிவிடும். அவற்றைச் சாற்றில் ஊறவைத்துத் தட்டிலேயே போட்டுவிடலாம். ஆப்பிள், பேரிக்காய்த் துண்டுகளுக்கும் தட்டே சரியான இடம். கடைசி நாற்பது நிமிடத்தில் சேர்த்தால் குழையாமல் வேகும்.

நாக்கு மரத்துப்போகிறது

கிராம்பு அதிகம். கீறிய கட்டம் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கிராம்பு குத்திய படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தால் ஒரு ஹாமுக்கு எழுபது, எண்பது கிராம்பு போய்விடும். பல்வலிக்குக் கிராம்பு கடிக்கும்போது மரத்துப்போகச் செய்யும் அதே யூஜெனால்தான் இங்கும் வேலை செய்கிறது. மூன்று மூலைக்கு ஒன்று என்று குத்தினாலே மணம் நிறைந்துவிடும். இவற்றையும் வெட்டுவதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும். கூடிவிட்டது என்று பாதியில் தெரிந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மேற்பூச்சை மட்டும் மாற்றினால் பெரும்பகுதி சரியாகும்.

உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. துண்டின் மேல் பச்சையும் ஊதாவும் மின்னுகின்றன

இரண்டும் பிழை இல்லை. பதப்படுத்தும்போது சேர்க்கப்படும் நைட்ரைட், கறியில் உள்ள மயோகுளோபினோடு சேர்ந்து சூட்டிலும் மாறாத இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. நிறத்தைப் பார்த்து வேகவில்லை என்று முடிவு செய்து மேலும் ஒரு மணி நேரம் சுடுவதுதான், மேலே சொன்ன வறட்சிக்கு வழி வகுக்கும் செயல்களில் முதன்மையானது. வெட்டிய துண்டில் தெரியும் வானவில் மினுமினுப்பு, ஒழுங்காக அடுக்கியிருக்கும் தசைநார்களின் மேல் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. துண்டைச் சற்றே திருப்பினால் அது மறைந்துவிடும். திருப்பினாலும் மாறாத பச்சைத் திட்டு, கையில் ஒட்டும் வழுவழுப்பு, புளித்த வாடை ஆகியவை இருந்தால் மட்டுமே அது கெட்டது. நெடுநாள் உலர்த்திய ஹாமில் காணப்படும் வெள்ளைப் புள்ளிகள் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் படிகங்கள். அவற்றைத் தாராளமாக உண்ணலாம்.

வெட்டும்போது உதிர்ந்துபோகிறது

ஓவனிலிருந்து எடுத்தவுடன் வெட்டியிருப்பீர்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஓய்வு கொடுத்து, மெல்லிய நீண்ட கத்தியால் நாருக்குக் குறுக்காக, எலும்பை நோக்கிச் செங்குத்தாக வெட்டி, பிறகு எலும்பை ஒட்டிக் கிடைமட்டமாக ஒரு வெட்டு வெட்டினால் துண்டுகள் முழுதாகக் கழன்று வரும். எலும்பில்லாத ஹாம்களில் சில, பல துண்டுகளை அழுத்தி ஒன்றாக்கியவை. அவற்றைச் சூடாக மெல்லியதாகச் சீவ முயன்றால் இணைப்புகள் விட்டுத்தான் போகும். சற்றுத் தடிமனாக வெட்டுவதே ஒரே வழி.

ஹாம் தயார், வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை

பூச்சு பூசும் கட்டம் இன்னும் வரவில்லை என்றால் கவலையே இல்லை. தாளால் மூடிய நிலையிலேயே ஓவனை 95 டிகிரிக்கு இறக்கி, நடுப்பகுதி 60 டிகிரியை எட்டிய பின் அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கடைசி ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தாளை அகற்றிப் பூச்சைத் தொடங்கலாம். பூச்சு ஏறிய பிறகு இப்படிக் காக்கவைத்தால் அது ஆவியில் நனைந்து மங்கும். ஆகவே வருகிறோம் என்று சொன்ன நேரத்தை நம்பாமல், வந்த நேரத்தை வைத்தே பூச்சைத் தொடங்குவது என்று நான் வழக்கப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் பூச்சு நீர்விட்டு வழிகிறது

சர்க்கரையும் உப்பும் ஈரத்தை இழுப்பவை என்பதால், மூடிய பாத்திரத்தில் ஓர் இரவு இருந்தாலே பூச்சு கசிந்து கறியை நனைத்துவிடும். மேசைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, பழங்களைத் தனியாக ஒரு கிண்ணத்திலும், பூச்சு படிந்த வெளித்துண்டுகளை உள்துண்டுகளோடு கலக்காமல் வேறொரு பாத்திரத்திலும் எடுத்துவைத்தால், 4 டிகிரிக்குக் குறைவான குளிரில் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். உறையவைத்தால் ஓரிரு மாதம் வரை சுவை குறையாது. மறுபடி சூடாக்கும்போது 74 டிகிரி வரை போக வேண்டும். கசிந்துவிட்ட துண்டுகளை எண்ணெய் விடாத வாணலியில், பூச்சுப் பக்கம் கீழே படும்படி ஒரே ஒரு நிமிடம் போட்டால், வழிந்த சர்க்கரை திரும்ப இறுகிப் பளபளக்கும். திருப்பிப் போட்டு மறுபக்கத்தை அந்தச் சூடு எட்டும் வரை மூடி வைக்கலாம்.